சில்லுக் கை

வாலிநோக்கத்துக்காரிக்குக் குளிர் என்றால்
மண்பானைத் தண்ணீர், அவ்வளவுதான்.
ஊட்டியில், ஜனவரியில்,
பிரசவ வார்டின் இரவுப் பணியில்
என் பத்து விரல்களும் வேறு யாருடையவோ.

"எடுங்க டாக்டரே கைய, ஐஸ்கட்டி"
என்றாள் நாலாம் கட்டில் தவச்செல்வி.
மஞ்சூருக்கும் அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட் லைன்.
பனிமூட்டத்தில் நூற்றியெட்டு ஊர்ந்து வர,
வளைவுக்கு ஒரு வலி என்று எண்ணி வந்தாளாம்.
"பதினெட்டு வரைக்கும் சரியா வந்துச்சு,
அப்புறம் வளைவே இல்லாம வலிச்சுது."

நான் டாக்டர் இல்லை, படிக்கிறேன்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அடுத்தது வந்துவிட்டது.

என் வேலை கொஞ்சம்தான்.
வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்து
பத்து நிமிடத்தில் எத்தனை வலி,
ஒவ்வொன்றும் எத்தனை விநாடி.
டாப்ளரில் வழுக்கி வழுக்கிக் கிடைக்கும் துடிப்பு,
சுவருக்கு அப்பால் யாரோ
அவசரமாக ஈரத்துணி அடிப்பதுபோல.
பிறகு கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளி.
மற்றதெல்லாம் பிஜி அக்கா நஸீஹாவுக்கும்
ஸ்டாஃப் குளோரிபாய்க்கும்.

என் பதிவேட்டில் 'பார்த்தவை' பக்கம்
ஓரம் வரை நிரம்பியாகிவிட்டது.
'செய்தவை' பக்கம்
இன்னும் கடை வாசனையோடு இருக்கிறது.

இரண்டரை மணி.
பிள்ளைக்கென்று சூடேற்றி வைத்த வார்மரின் கீழ்
யாரும் பார்க்காதபோது கையை நீட்டினேன்.
இன்னும் பிறக்காத ஒருத்தியின் வெயிலில்
கொஞ்சம் கடன்.

"இப்பப் பரவால்ல" என்றவள்
என் மணிக்கட்டைப் பிடித்தாள், விடவில்லை.
தேயிலைக் கறை ஏறிய விரல்கள்.
தாளில் மூன்று புள்ளிகள் விட்டுப்போயின.
ஜன்னலுக்குக் கீழே
அட்டைப்பெட்டி கொளுத்திக் குளிர்காய்ந்தவர்களில்
குரங்குக் குல்லா போட்ட ஒருவர் மட்டும்
நெருப்புக்கு முதுகைக் காட்டி
மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாலு பத்துக்குப் பிறந்தாள்.
என் கையில் அல்ல, அக்காவின் கையில்.
அழுகை வந்தது, எல்லோரும் சிரித்தோம்,
நஞ்சும் முழுசாக வந்தது.
பிறகு
ட்ரேயில் சொட்டிக்கொண்டிருந்த சத்தம்
சொட்டுவதை நிறுத்தி ஓடத் தொடங்கியது.

"ஊசி" என்றார் அக்கா.
என் கையைப் பிடித்துத் தொப்புளருகே அழுத்தி
"தேய். நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதே."

கீழே ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது.
தண்ணீர் அதிகமாகிப்போன சப்பாத்தி மாவு.
படித்ததெல்லாம் ஓடியது,
காரணங்கள் நான்கு, மருந்துகள் இத்தனை, எந்த அளவு,
கை மட்டும் வட்டத்திலேயே இருந்தது.
தவச்செல்வி கூரையைப் பார்த்தபடி
"பாப்பாவுக்குக் குல்லா போட்டாச்சா" என்றாள்.
உதடு வெளுத்திருந்தது.
போட்டாச்சுக்கா, போட்டாச்சு, போட்டாச்சு.

எத்தனையாவது வட்டமோ தெரியாது,
உள்ளங்கைக்கு அடியில் ஏதோ ஒன்று
முடிவெடுத்தது.
சுருண்டு, திரண்டு,
காய்க் கொய்யாவாக நின்றது.
ட்ரே மௌனமானது.
நிறுத்தலாம் என்று அக்கா சொன்னார்.
இரண்டாம் முறை சொன்னபோதுதான் கேட்டது.

விடிந்தபோது புல்வெளி முழுக்க உறைபனி.
ஒரு கணம் எங்கள் ஊர் உப்பளம்.
அங்கே வெயில் ஏற ஏற வெள்ளை கூடும்.
இங்கே வெயில் தொட்டதும்
பச்சை வெளியே வந்துவிட்டது.

இரண்டு மணி நேரத்துக்குக்
கால் மணிக்கொரு தரம் நான்தான் பார்க்க வேண்டும்.
"உங்க பேரு என்ன டாக்டரே?"
பிள்ளைக்கு வைக்கப்போகிறாள் என்று
கூச்சத்தோடு சொன்னேன்: பூரணகலா.
"இல்ல, அவரு கேட்டா சொல்லணும்ல,
ராத்திரியெல்லாம் எனக்கு ஐஸ் வச்சது யாருன்னு."

கால் மணி ஆகியிருந்தது.
கையை வைத்தேன்.
"யம்மாடி!" என்று கத்தினாள்.
கெட்டியாக இருந்தது.